ஒன்பது கட்டுரை, எச்-இண்டெக்ஸ் 5: 'அஞ்சுதானாம்மா?' என்று கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி:

மதிப்புக்குரிய சார், எனக்கு 34 வயது. சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். பெங்களூரில் பி.எச்டி. முடித்து, இப்போது இரண்டாவது போஸ்ட்டாக்கில் (பி.எச்டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) இருக்கிறேன். காசநோய்க் கிருமியில், மற்ற மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் சிறு ஆர்.என்.ஏ.க்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் என் பெயரில் 7 கட்டுரைகள், 212 மேற்கோள்கள் (பிற கட்டுரைகள் என் கட்டுரைகளைக் குறிப்பிட்டவை), எச்-இண்டெக்ஸ் 5 (குறைந்தது ஐந்து மேற்கோளாவது வாங்கிய கட்டுரைகள் ஐந்து) என்று காட்டுகிறது. கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியலில் வந்த 2 கட்டுரைகள் அதில் சேரவில்லை.

போன மாதம் ஒரு நேர்காணலில், குழுவில் இருந்த ஒருவர் தாளைப் புரட்டிவிட்டு "அஞ்சுதானாம்மா?" என்று கேட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை. வேலையும் கிடைக்கவில்லை. என்னோடு எம்.எஸ்சி. படித்த ஒருவருக்கு 58 கட்டுரைகள், எச்-இண்டெக்ஸ் 24. 'உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானி' என்று பேப்பரில் போட்டோவோடு செய்தி வந்தது. நான் முதல் ஆசிரியராக உயிரைக் கொடுத்துச் செய்த கட்டுரைக்கு மூன்று வருடத்தில் கிடைத்தது 11 மேற்கோள். நாலாவது பெயராக நின்ற ஒரு செய்முறைக் கட்டுரைக்கு 140. காசு கொடுத்தால் கட்டுரையில் பெயர் சேர்ப்பதாக வாட்ஸ்அப்பில் செய்தி வேறு வருகிறது. அந்தப் பக்கம் போக மாட்டேன். நேர்மையான வழியில் இந்த எண்ணைக் கூட்ட முடியுமா? மற்றவர்களின் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ரிவ்யூ கட்டுரைகள் எழுதித் தள்ளலாமா? பயோடேட்டாவில் எண்களைப் போடுவதா, விடுவதா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கட்டுரைப் பட்டியலையும் அந்த 11 மேற்கோள் கட்டுரையையும் இணைத்திருந்தார்.)

பதில்:

முதல் வேலையாக அந்த இரண்டு கட்டுரைகளையும் சேர்த்துவிடுவோம். உங்கள் பட்டியலில் அவற்றுக்கு 22, 6 என்று மேற்கோள் போட்டிருக்கிறீர்கள். மற்ற ஏழோடு சேர்த்து, பெரியதிலிருந்து சிறியதாக ஒரு தாளில் எழுதினேன்: 140, 31, 22, 14, 11, 9, 6, 5, 2. மொத்தம் 240. இனி மேலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். ஆறாவது கட்டுரைக்கு 9 மேற்கோள், ஆறுக்குக் குறையவில்லை, சரி. ஏழாவதுக்கு 6, அது ஏழுக்குக் குறைவு. அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆக உங்கள் எச்-இண்டெக்ஸ் 5 இல்லை, 6.

ஒரு சோதனைக் குழாயைக்கூடத் தொடாமல், உட்கார்ந்த இடத்திலேயே உங்களை ஒரு படி ஏற்றிவிட்டேன். இன்னொன்றும் பாருங்கள். அந்த ஏழாவது கட்டுரைக்கு உலகத்தின் எந்த மூலையிலிருந்தாவது இன்னும் ஒரே ஒரு மேற்கோள் விழுந்தால் 7 ஆகிவிடும். ஆனால் 140 வாங்கிய கட்டுரை நாளைக்கே 1,400 வாங்கினாலும் எண் அசையாது. 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் இந்தக் கணக்கைச் சொன்னபோது, ஒரே ஒரு கட்டுரையால் புகழ் பெற்றவரையும், யாரும் படிக்காத நூறு கட்டுரை எழுதியவரையும் இரண்டு பக்கமும் கட்டுப்படுத்துவதுதான் அவர் நோக்கம். அதற்கு அது உதவும். இரண்டாவது போஸ்ட்டாக்கில் இருப்பவரின் ஐந்துக்கும் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே தராசு பிடிக்க உதவாது. உங்களிடம் ஒன்பது கட்டுரை இருக்கும்வரை அது ஒன்பதைத் தாண்டவும் முடியாது.

இனிஷியல் விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நம் ஊர்ப் பெண்களின் ஆய்வுப் பட்டியல்களில் நான் அடிக்கடி பார்க்கும் ஓட்டை இதுதான். வெளிநாட்டுத் தரவுத்தளங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று வேண்டும். நம்மிடம் அது இல்லை. ஒரு கட்டுரையில் அப்பா பெயர் குடும்பப் பெயராகும், இன்னொன்றில் உங்கள் பெயரே குடும்பப் பெயராகி இனிஷியல் முன்னால் நிற்கும், கல்யாணத்துக்கு அப்புறம் வேறு எழுத்து வரும். ஸ்கோப்பஸ் என்ற தரவுத்தளத்தின் கணக்கில் நீங்கள் இரண்டு பேராகவோ மூன்று பேராகவோ இருக்கலாம். எதிர்ப்பக்கமும் உண்டு. உங்கள் பெயரும் இனிஷியலும் கொண்ட வேறு யாரோ ஒருவரின் நிலக்கடலைச் சாகுபடிக் கட்டுரை உங்கள் கணக்கில் ஏறியிருக்கும். அதை அப்படியே விட்டுவைத்தால் நேர்காணலில் மானம் போகும். 2012 முதல் ஓர்க்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இலவசமாகக் கிடைக்கிறது. அதை எடுத்து ஒன்பதையும் அதில் ஏற்றுங்கள். கூகுள் ஸ்காலர் பக்கத்தில் விட்டுப்போனதை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். ஸ்கோப்பஸில் இரண்டு பெயரையும் இணைக்கச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். இனி வரும் கட்டுரைகளில் ஒரே எழுத்தமைப்பு. எந்த இனிஷியல் என்பது உங்கள் இஷ்டம், ஆனால் ஒன்றுதான்.

சரி, 140-க்கும் 11-க்கும் வருவோம். உங்கள் மனத்தில் உறுத்துவது எச்-இண்டெக்ஸைவிட இதுதான் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது.

1951-ல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் லோரியும் மூன்று சகாக்களும் ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையை எழுதினார்கள். தாமிரக் கரைசல், அப்புறம் ஃபோலின் திரவம், நீல நிறம். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு புரதம். நீங்களும் எம்.எஸ்சி. செய்முறைத் தேர்வில் செய்திருப்பீர்கள். 2014-ல் நேச்சர் இதழ் அதுவரை அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 கட்டுரைகளைப் பட்டியலிட்டபோது, எல்லா அறிவியல் துறைகளையும் சேர்த்து முதலிடம் இதற்குத்தான். மூன்று லட்சத்துக்கு மேல். இரண்டாவது, ஜெல்லில் புரதத்தைப் பிரிக்கும் லேம்லியின் 1970 கட்டுரை. மூன்றாவது, பிராட்ஃபோர்டின் 1976 கட்டுரை. அதுவும் புரதம் அளப்பதுதான். அந்தப் பட்டியலில் நுழையவே 12,000 மேற்கோளுக்கு மேல் வேண்டும். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பைச் சொன்ன வாட்சன், கிரிக்கின் 1953 கட்டுரை அதில் இல்லை!

இது அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். புரதம் அளந்தவர்கள் எந்த முறையில் அளந்தோம் என்று எழுதித்தான் ஆகவேண்டும். டி.என்.ஏ. சுருளாக இருக்கிறது என்று எழுதுகிறவருக்கு யாரையும் காட்ட வேண்டிய அவசியமில்லை, அது பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டது. நம் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது. 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என்.ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் எழுதிய கட்டுரையில் வந்ததுதான் ராமச்சந்திரன் படம். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம், எந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் என்று காட்டும் வரைபடம். இன்றைக்கும் ஒரு புரதத்தின் அமைப்பைத் தீர்மானித்தவர்கள், அதில் எத்தனை சதவீதம் அந்தப் படத்தின் அனுமதிக்கப்பட்ட பகுதிக்குள் விழுகிறது என்று கணக்குக் காட்டுகிறார்கள். 'ராமச்சந்திரன்' என்று பெயரை எழுதுவார்கள். பெரும்பாலும் 1963 கட்டுரையைப் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள்.

உங்கள் 140-ம் லோரி வகைதான். மெழுகுபோன்ற சுவர் கொண்ட அந்தக் கிருமியை மணிகளோடு குலுக்கி உடைத்து, ஆர்.என்.ஏ. கெடாமல் எடுக்கும் முறை. காசநோய் ஆய்வகங்களில் அதைச் செய்கிறவர்கள் எல்லாரும் எழுதத்தான் செய்வார்கள். அது கேவலமில்லை. பயனுள்ள வேலை. ஆனால் நாலாவது பெயராக நின்றுகொண்டு, அந்த 140-ஐ உங்கள் ஆராய்ச்சியின் எடையாகக் காட்டினால், குழுவில் விவரம் தெரிந்தவர் கேட்கும் முதல் கேள்வி "இதில் உங்கள் பங்கு என்ன?" என்பதாகத்தான் இருக்கும். பதிலைத் தயாராக வைத்திருங்கள். எந்தப் படம், எந்தச் சோதனை உங்களுடையது என்று ஒரு வரி போதும்.

11 மேற்கோள் கட்டுரைக்கு நான் செய்ததை நீங்களும் செய்யுங்கள். மேற்கோள் காட்டிய 11 கட்டுரைகளையும் எடுத்து, எந்த இடத்தில் உங்களைக் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். மூன்று உங்கள் ஆய்வகத்திலிருந்தே வந்தவை, கழித்துவிடலாம். நான்கு முன்னுரையில் "இதையும் காண்க" என்று அடைப்புக்குறிக்குள் ஆறேழு பேரோடு சேர்த்துப் போட்டவை. அது கல்யாணப் பத்திரிகையில் 'மற்றும் உற்றார் உறவினர்' மாதிரி. மிச்சம் நான்கு. அதில் ஒன்று பிரான்சிலிருந்து. உங்கள் பிளாஸ்மிடை (மரபணுவைக் கிருமிக்குள் கொண்டுசெல்லும் டி.என்.ஏ. வளையம்) வாங்கி, சிறு ஆர்.என்.ஏ.வோடு ஒட்டும் என்று நீங்கள் சொன்ன புரதத்தை வேறொரு மைக்கோபாக்டீரியத்தில் நீக்கிப் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் சொன்னதுதான் அங்கேயும் நடந்திருக்கிறது. இன்னொன்று உங்களோடு பாதி ஒத்துப்போகவில்லை, அதற்காகவே இரண்டு பத்தி எழுதியிருக்கிறார்கள். அம்மா, அறிமுகமில்லாத ஒருவர் உங்கள் சோதனையைத் தன் செலவில் திரும்பச் செய்து பார்க்கிறார் என்றால், அந்த ஒரு மேற்கோளை 140-ல் எத்தனைக்குச் சமமாக வைப்பீர்கள்? இதை நேர்காணலில் நீங்கள் ஏன் சொல்லவில்லை?

காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். தட்டில் பூசிவிட்டுக் காலனி கண்ணில் படவே மூன்று, நான்கு வாரம். ஒரு மரபணுவை நீக்கி, சரிபார்த்து, திரும்பச் சேர்த்துக் காட்டுவதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும். அதுவும் மூன்றாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகத்துக்குள், முகமூடி அங்கியோடு. இலைச்சாறு எடுத்து, வெள்ளி நானோ துகள் செய்து, நான்கு பாக்டீரியாத் தட்டில் தெளிந்த வட்டத்தை அளந்தால் இரண்டு மாதத்தில் ஒரு கட்டுரை. (அந்த வகையில் நல்ல வேலையும் உண்டு. ஆனால் அடுத்த இலைக்குப் போவது எவ்வளவு சுலபம் என்று நமக்குத் தெரியும்.) உங்கள் நண்பர் என்ன செய்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் ஊகிக்கப் போவதில்லை. துறை மாறினால் எண்ணின் பொருளும் மாறிவிடும் என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 2 சதவீதப் பட்டியலைப் பற்றி இரண்டு வார்த்தை. ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் ஜான் அயோனிடிஸ் குழு ஸ்கோப்பஸ் தரவை வைத்துத் தயாரிப்பது அது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் யாருக்கும் கொடுக்கும் பட்டம் கிடையாது. அதில் இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று முழு ஆய்வு வாழ்க்கைக்கும், இன்னொன்று அந்த ஒரு வருடத்தில் வந்த மேற்கோளுக்கும். பேப்பர் செய்தியில் எது என்று பெரும்பாலும் இருக்காது. தன்னைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழித்தால் என்ன வரும் என்பதும் அதே அட்டவணையில் பக்கத்துப் பத்தியில் இருக்கிறது, யாரும் அதைப் படிப்பதில்லை. நண்பருக்கு வாழ்த்துச் சொல்லிவிடுங்கள், மனசாரவே. அவர் எண்ணும் உங்கள் எண்ணும் ஒரே தராசில் நிறுக்கும் சரக்கு இல்லை.

குழுவில் யாராவது எண்ணைத்தான் கேட்பேன் என்றால், அவருக்குக் கொடுக்க ஒரு நல்ல எண் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் ஐசைட் என்ற கருவியை இலவசமாக வைத்திருக்கிறது. பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுக் கட்டுரைத் தளத்தில் உங்கள் கட்டுரைகளுக்கு உள்ள எண்களைப் போட்டால், அதே துறையில், அதே காலத்தில், அந்த நிறுவனத்தின் நிதியில் வந்த ஒரு சராசரிக் கட்டுரையோடு உங்கள் ஒவ்வொரு கட்டுரையையும் ஒப்பிட்டுச் சொல்லும். 1 என்றால் அவர்களுக்குச் சமம். காசநோய் ஆர்.என்.ஏ. ஆய்வு காசநோய் ஆர்.என்.ஏ. ஆய்வோடு ஒப்பிடப்படும், புற்றுநோயோடு இல்லை. புதுக் கட்டுரைகளுக்கு அந்த எண் நிலையாக இருக்காது, ஒரே ஒரு மேற்கோளில் ஏறி இறங்கும். ஆனாலும் "அஞ்சுதானாம்மா?"வை விட நியாயமான உரையாடல் அதில் தொடங்கும்.

இப்போது கொஞ்சம் கசப்பானதைச் சொல்கிறேன். ஒன்பதில் முதல் ஆசிரியராக இருப்பது மூன்று. கடைசி முதல் ஆசிரியர் கட்டுரை வந்து மூன்று வருடம். உங்கள் விண்ணப்பத்தின் நிஜமான பலவீனம் இந்த இடைவெளிதான். எச்-இண்டெக்ஸை நினைத்து அழுதால் இது மறைந்துவிடாது. இரண்டாவது போஸ்ட்டாக்கில் செய்த வேலை எங்கே என்று குழு கேட்கும், கேட்க வேண்டும். பாதி எழுதிய கட்டுரை ஒன்று இருப்பதாகக் கடிதத்தின் ஓரத்தில் குறிப்பிட்டிருந்தீர்கள். உங்கள் தலைமை ஆய்வாளரிடம் பேசி அதை, ஜர்னலில் வருவதற்கு முன்பே கட்டுரைகளைப் பொதுவில் வைக்கும் பயோஆர்கைவ் தளத்தில் போடுங்கள். 2013-ல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் தொடங்கியது முதல் அங்கே கட்டுரை போடுவது நம் துறையில் வழக்கமாகிவிட்டது. பெரிய ஜர்னலின் பதிலுக்கு எட்டு மாதம் காத்திருந்து, நேர்காணலில் 'தயாரிப்பில் உள்ளது' என்று எழுதுவதை யாரும் நம்புவதில்லை. எல்லாரும் படிக்கக்கூடிய ஒரு கோப்பு இருந்தால் நம்புவார்கள்.

எந்தக் கதவைத் தட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் வேலை என்றால் யு.ஜி.சி.யின் 2018 விதிமுறை ஒன்று இருக்கிறது. நேர்காணலுக்கு அழைக்க 100-க்கு மதிப்பெண் போடுவார்கள். அதில் ஆய்வுக் கட்டுரைக்கு மொத்தமே 10 மதிப்பெண், கட்டுரைக்கு 2 வீதம். ஐந்து கட்டுரை இருந்தாலே பத்தும் வந்துவிடும். உங்கள் ஒன்பதுக்கும் பத்துதான், நண்பரின் 58-க்கும் அதே பத்துதான்! அழைப்பு வந்த பிறகு தேர்வு நேர்காணலை வைத்து. மேல்நிலைப் பதவிகளுக்கு வேறு அட்டவணை. அங்கே ஜர்னலின் இம்பாக்ட் ஃபாக்டரை (அதன் கட்டுரைகள் சராசரியாக வாங்கும் மேற்கோள்) பார்த்துப் புள்ளி கூடும், பெயர் எத்தனையாவது என்று பார்த்துப் புள்ளி குறையும். 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவில் இந்தப் புள்ளிக் கணக்கையே எடுத்துவிடலாம் என்று வேறு யோசனை சொன்னார்கள். அதனால் ஒவ்வொரு விளம்பரத்தோடும் வரும் படிவத்தை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். கேட்ட கட்டத்தில் கேட்டதை நிரப்புங்கள், அங்கே தத்துவம் பேசாதீர்கள்.

இம்பாக்ட் ஃபாக்டர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. யூஜின் கார்ஃபீல்ட் அதை உருவாக்கியது ஜர்னல்களை ஒன்றோடொன்று ஒப்பிட, மனிதர்களை ஒப்பிட இல்லை. 2008-ல் ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற ஜர்னலில் ஷெல்ட்ரிக் ஒரு கட்டுரை எழுதினார். படிக அமைப்பு ஆய்வில் எல்லாரும் பயன்படுத்தும் ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றியது. அதைப் பயன்படுத்தியவர்கள் எல்லாம் மேற்கோள் காட்ட, சுமார் 2-ல் இருந்த ஜர்னலின் இம்பாக்ட் ஃபாக்டர் அடுத்த வருடம் கிட்டத்தட்ட 50 ஆனது. அந்த வருடம் அதே ஜர்னலில் எழுதிய மற்றவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக 25 மடங்கு மேதைகளாகிவிட்டார்களா என்ன?

சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்கள், ஐசர்கள், உயிரித் தொழில்நுட்பத் துறையின் நிறுவனங்கள் என்றால் கதை வேறு. அங்கே குழுவில் இரண்டு பேராவது உங்கள் கட்டுரையைத் திறந்து பார்த்திருப்பார்கள். எல்லா இடத்திலும் அப்படி நடக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பல வருடம் முன்பு ஒரு நிறுவனத்தின் தேர்வுக் குழுவில் நானும் இருந்தேன். எண்பதுக்கு மேல் விண்ணப்பங்கள். அலுவலகத்தில் அவர்களாகவே எல்லாருடைய இம்பாக்ட் ஃபாக்டரையும் கூட்டி, வரிசைப்படுத்தி, அட்டவணையாகக் கொடுத்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். முதல் இருபதைத்தான் படித்தோம். நாற்பதுக்கு மேல் எங்கேயோ இருந்த ஒருவரின் வேலையை ஆறு வருடம் கழித்து ஒரு கருத்தரங்கில் கேட்டபோது, அன்றைக்கு என் கையில் இருந்த அந்தத் தாள் ஞாபகம் வந்து தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். ஆகவே அந்த அட்டவணை மனப்பான்மை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே தயாராகுங்கள்.

எப்படி? பயோடேட்டாவின் முதல் பக்கத்தில் மூன்றே மூன்று கட்டுரை. ஒவ்வொன்றுக்கும் நாலு வரி. முழுப் பட்டியல் பின்னால், உங்கள் பெயர் தடித்த எழுத்தில். கட்டுரைக்குப் பக்கத்தில் இம்பாக்ட் ஃபாக்டர் வேண்டாம். ஆய்வாளரின் தரத்துக்கு ஜர்னலின் எண்ணை வைக்கக்கூடாது என்று சொன்ன சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் வந்தது 2013-ல். அதை ஏற்றுக்கொண்ட நிதியமைப்புகள் பல, விண்ணப்பத்தில் அதைப் போடாதே என்றே சொல்கின்றன. மொத்த மேற்கோள், எச்-இண்டெக்ஸ் இரண்டையும் கடைசியில் ஒரே வரியில், எந்தத் தளம், எந்தத் தேதி என்று போட்டுவிடுங்கள். மறைத்தால் அவர்கள் போனில் தேடுவார்கள். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, முன்வரைவு எல்லாவற்றையும் எண்ணும், அதனால் ஸ்கோப்பஸைவிட அதிகம் காட்டும். தளத்தின் பெயரில்லாத எண்ணுக்குப் பொருளே கிடையாது.

உங்கள் 11 மேற்கோள் கட்டுரைக்கு நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"ஈ.கோலையில் சிறு ஆர்.என்.ஏ.க்களுக்குத் துணை நிற்கும் எச்.எஃப்.கியூ புரதம் காசநோய்க் கிருமியில் இல்லை. அந்த வேலையை வேறு யார் செய்கிறார்கள் என்ற கேள்விக்கு, ஒரு சிறு ஆர்.என்.ஏ.வோடு ஒட்டும் புரதம் ஒன்றை இந்தக் கட்டுரையில் காட்டினோம். மரபணு நீக்கம், நார்தர்ன் பிளாட் சோதனைகள் அனைத்தும் நான் செய்தவை. பிரான்சில் ஒரு குழு எங்கள் பிளாஸ்மிடைக் கொண்டு வேறொரு இனத்தில் இதை உறுதிசெய்திருக்கிறது. வேறொரு குழு எழுப்பிய மாறுபட்ட கருத்துக்கு விடை தேடுவதே என் அடுத்த திட்டத்தின் முதல் பகுதி."

அவ்வளவுதான். கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். உங்களை மறுத்தவரையே அடுத்த ஐந்து வருட வேலைக்கு வாசலாக்கியிருக்கிறேன். குழு உங்களிடம் தேடுவது அதைத்தான்.

"அஞ்சுதானாம்மா?" என்று திரும்பவும் யாராவது கேட்டால் கோபம் வேண்டாம். கேட்டவர் பெரும்பாலும் வேறு துறைக்காரராக இருப்பார். சில துறைகளில் பெயர்கள் அகர வரிசையில்கூட நிற்கும். நம்மிடம் முதல் பெயர் வேலை செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவர் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். "ஆறு சார், இரண்டு கட்டுரை பழைய இனிஷியலில் இருந்தது, சேர்த்துவிட்டேன். என் துறையில் ஒரு சோதனைக்கே ஒரு வருடம் ஆகும். மூன்று கட்டுரையில் நான் முதல் ஆசிரியர், அதில் ஒன்றை வெளிநாட்டில் திரும்பச் செய்து பார்த்திருக்கிறார்கள். அந்தப் படத்தைக் காட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மடிக்கணினியைத் திருப்புங்கள்.

ரிவ்யூ கட்டுரை எழுதித் தள்ளலாமா என்று கேட்டீர்கள். ஒன்று எழுதுங்கள். எச்.எஃப்.கியூ இல்லாத கிருமிகளில் சிறு ஆர்.என்.ஏ. எப்படிப் பிழைக்கிறது என்று, நீங்கள் மட்டும் எழுதக்கூடியதாக. ரிவ்யூவுக்கு மேற்கோள் பொதுவாகக் கூடுதலாக வரும், உண்மைதான். ஐந்து எழுதினால் இவர் சோதனையை விட்டுவிட்டார் என்றுதான் எண்ணுவார்கள். அதைவிட நல்ல வழி, உங்கள் பிளாஸ்மிடுகளை ஆட்ஜீன் என்ற பிளாஸ்மிட் சேமிப்பகத்தில் வைப்பது. கேட்பவர்களுக்கு அவர்களே அனுப்பிவிடுவார்கள். ஒருவர் மின்னஞ்சல் போட்டுக் கெஞ்சி வாங்கியதை, வேண்டியவர்கள் எல்லாம் சுலபமாக வாங்கலாம். வாங்கியவர்கள் எழுதத்தான் செய்வார்கள். நீங்கள் கேட்ட நேர்மையான வழி என்று எனக்குத் தெரிந்தது இதுதான்.

வாட்ஸ்அப் ஆசாமிகளைத் தடை செய்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். 2023-ல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் ஜர்னல்களிலிருந்து 8,000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதில் பெயர் இருப்பவர்களின் பட்டியல் இணையத்தை விட்டு என்றைக்கும் போகாது. எண்ணிக்கை எவ்வளவு மலிவு என்பதற்கு இன்னொரு செய்தி. 2024-ல் இரண்டு பேர், அவர்களில் ஒருவருடைய பாட்டி வளர்க்கும் லேரி என்ற பூனையின் பெயரில் 12 போலிக் கட்டுரைகளும், ஒவ்வொன்றிலும் அந்தப் பன்னிரண்டையும் மேற்கோள் காட்டும் இன்னும் சில போலிக் கட்டுரைகளும் தயாரித்து இணையத்தில் விட்டார்கள். கூகுள் ஸ்காலர் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டது. சில நாளைக்கு உங்களையும் தாண்டி நின்றது அந்தப் பூனையின் எச்-இண்டெக்ஸ்.

கூடவே ஒரு ஆறுதலும் சொல்ல நினைத்தேன். எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு அடித்தளமான கட்டலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் கட்டுரை 2005-ல் இம்யூனிட்டி ஜர்னலில் வந்தபோது பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, 2023-ல் நோபல் கிடைத்தது என்று. ஆனால் இந்தக் கதையை வேலை கிடைக்காத எல்லாரிடமும் எல்லாரும் சொல்கிறார்கள். 11 மேற்கோள் வாங்கிய கட்டுரைகளில் மிகப் பெரும்பாலானவை 11 மேற்கோள் வாங்கிய கட்டுரைகள்தான். உங்களுடையது நல்ல கட்டுரை என்று நான் சொல்வது மூன்றாவது படத்தைப் பார்த்துவிட்டு. ஆர்.என்.ஏ.வைப் பட்டைகளாகக் காட்டும் அந்த நார்தர்ன் பிளாட்டில் புரதத்தை நீக்கிய கிருமியில் பட்டை மங்குகிறது, திரும்பச் சேர்த்ததும் வருகிறது, கீழே ஒப்பீட்டுக்கு வைத்த 5எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. எல்லாக் கட்டத்திலும் ஒரே அளவில் நிற்கிறது. வெட்டி ஒட்டாமல் முழு பிளாட்டையும் பின்னிணைப்பில் வைத்திருக்கிறீர்கள். அடுத்த நேர்காணலில் இந்தப் படத்தோடு ஆரம்பியுங்கள், வாழ்க்கை வரலாறு அப்புறம்.

இன்னொன்று. பின்னிணைப்பில் உள்ள பிரைமர் (சோதனைக்கான சிறு டி.என்.ஏ. துண்டு) பட்டியலில் ஏழாவது வரியைப் பாருங்கள். மற்றவை எல்லாம் 20 எழுத்துக்கு மேல், அது மட்டும் 14-ல் நிற்கிறது. தட்டச்சில் வால் அறுந்துபோயிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படித்தான் என்றால் ஜர்னலுக்கு ஒரு திருத்தம் அனுப்பிவிடுங்கள். பிரான்சுக்காரர்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள்.